ஆற்றுக்குப் பக்கத்தில் எட்டு வருட உப்புத் தண்ணீர்

போன வாரம் கெய்சர் மறுபடியும் நின்றுவிட்டது. எட்டு வருடத்தில் இது நான்காவது காயில், அதுதான் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள். கழற்றிய தம்பி அதைத் தூக்கிக் காட்டினார். கம்பி எது, கல் எது என்றே தெரியவில்லை. விரல் தடிமனுக்கு வெள்ளையாகக் கட்டியிருந்தது. "அண்ணாச்சி, காயில்ல குத்தம் இல்ல. உங்க தண்ணிதான்" என்றார். அன்று சாயங்காலமே சென்னையிலிருந்து கல்லூரி நண்பன் போன் செய்தான். எங்கள் தெருவில் ஐந்து சென்ட் விலைக்கு வந்திருக்கிறதாம். "பிள்ளைங்களோட ஊருக்கே வந்துரலாம்னு பாக்கேன். வாங்கலாமாலே?" என்று கேட்டான். போனில் எனக்கு ஒழுங்காகப் பதில் வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

இடம் திருநெல்வேலியில் பெருமாள்புரத்தைத் தாண்டி, ரெட்டியார்பட்டி சாலைப் பக்கம். புதிய பேருந்து நிலையத்துக்கு வண்டியில் பத்து நிமிடம். பாளையங்கோட்டைப் பள்ளி வேன்கள் தெருமுனைக்கே வருகின்றன. இதையெல்லாம் மனை விற்பவரே சொல்லிவிடுவார். தண்ணீரைப் பற்றி மட்டும் உண்மை வராது.

"ஆறே மாசம் சார், ஆத்துத் தண்ணி வந்துரும்" என்றுதான் லே-அவுட் போட்டவர் எனக்கும் சொன்னார். இணைப்பு வர மூன்று வருடம் ஆனது. இப்போதும் சில நாளுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம்தான். குடிக்க, சமைக்கப் பிடித்து வைத்துக்கொள்வோம். மற்றதுக்கெல்லாம் போர் தண்ணீர். மீட்டர் வைத்துப் பார்த்தால் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,640 மில்லிகிராம். குடிநீருக்கு 500 வரை, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்கு.

திருநெல்வேலி டவுனில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு மீட்டர் தேவைப்படவில்லை. குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சொதிக்குப் பாசிப்பருப்பு வேகப் போட்டாள். அரை மணி நேரம் கழித்தும் பருப்பு விதை விதையாக நின்றது. "பருப்ப வேகவிடாத தண்ணியில நான் என்னத்தய்யா சமைக்க?" என்றாள். தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடித்தது, சோப்பு நுரைக்கவில்லை. கேன் தண்ணீர் வாங்கி ஒரு வருடம் ஓட்டினோம். குழாய் இணைப்பு வரும் முன்பே அம்மா டவுனுக்கு, அண்ணன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். தாமிரபரணி ஓடும் ஊரில், தண்ணீர் சரியில்லை என்று பெற்ற தாய் மகன் வீட்டைவிட்டுப் போனாள். அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஆற்றை ஒட்டிய வண்டலில் கிணறு இனிக்கும். பாளையங்கால்வாய் பாயும் பக்கமும் ஊற்றுக்குப் புதுத் தண்ணீர் சேரும். நாங்கள் இருப்பது கால்வாய் எட்டாத பாறை மேடு. பாறை வெடிப்புகளில் நெடுநாள் கிடந்து, தாதுக்கள் கரைந்த தண்ணீர்தான் போரில் ஏறி வருகிறது. ஆழம் போனால் சரியாகும் என்றார்கள். இன்னும் 150 அடி இறக்கினேன். தண்ணீர் கூடியது, உப்பும் கூடியது.

சரி, அந்த மேட்டையும் நான் குறை சொல்லிக்கொண்டே இருக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் சந்திப்புப் பேருந்து நிலையமும் கொக்கிரகுளமும் வெள்ளத்தில் நின்றபோது எங்கள் தெருவில் கணுக்கால்கூட நனையவில்லை. அண்ணன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, அம்மாவோடு எல்லாரும் நான்கு நாள் இங்கேதான் இருந்தார்கள். அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் மாடியில் நேராக வந்து மோதும். சாரல் நாள்களில் ஃபேனே போடுவதில்லை.

பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தெரு கிடையாது. என் மகள் யாரும் பிடிக்காமல் சைக்கிள் பழகினாள். இருட்டும்வரை பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும். தாகம் எடுத்தால் எந்த வீட்டுக்குள்ளும் நுழையும். அங்கே சேர்த்து வைத்திருக்கிற நல்ல தண்ணியைத்தான் மொண்டு கொடுப்பார்கள், ஒருவரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. நாங்கள் வெளியூர் போன நாளில் குழாயில் தண்ணீர் வந்தால், எதிர்வீட்டு மைனி கேட்டைத் திறந்து எங்கள் குடங்களையும் நிரப்பி வைத்திருப்பாள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வாங்காதே என்றுதான் சொல்வேன். விலை குறைத்தாலும் வேண்டாம். காற்றையும் பிள்ளைகளையும் பார்த்து நீ மயங்கிவிடுவாய், நானும் அப்படித்தான் வாங்கினேன். கால்வாய்ப் பக்கம் பழைய வீடு ஏதாவது பார். இங்கேதான் வேண்டும் என்று உன் வீட்டில் பிடிவாதம் பிடித்தால், பக்கத்து வீட்டுப் போர் தண்ணீரில் ஒரு குடம் வாங்கிப் பருப்பு வேகவைத்துப் பார்த்துவிட்டு முன்பணம் கொடு. வீடு கட்டும்போதே ஆற்றுத் தண்ணீருக்குத் தனித் தொட்டியும், அதிலிருந்து அடுப்படிக்குத் தனிக் குழாயும் போட்டுவிடு. நான் செய்யாமல் விட்டது அது.

நாளைக்கு அம்மாவைக் கூட்டிவர டவுனுக்குப் போகிறேன். பேத்திக்காக ஒரு வாரம் இருக்கிறேன் என்றிருக்கிறாள். அண்ணன் வீட்டுக் குழாயிலிருந்தே நாலு கேன் பிடித்து வண்டியில் ஏற்றி வர வேண்டும்.