ஜென்டூவுடன் ஆறு ஆண்டுகள்: பிழை கடைசி வரியில் இருப்பதில்லை

2019 இறுதியில் என் மேசைக் கணினியில் ஜென்டூ லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவினேன். எட்டு கோர் செயலி, எட்டு ஜிபி ரேம். இன்றும் அதே நிறுவல்தான் ஓடுகிறது. ரேம் மட்டும் கூடியிருக்கிறது. அந்தக் கதை கீழே வருகிறது.

ஜென்டூவில் 'எமெர்ஜ்' என்று கட்டளையிட்டால் அதன் பொதி மேலாளரான போர்டேஜ், கேட்ட மென்பொருள் பொதியின் மூலநிரலை இறக்கி, நம் கணினியிலேயே தொகுத்து (ஓடக்கூடிய நிரலாக மாற்றி) நிறுவும். எல்லாம் சரியாக நடந்தால் தேநீர் குடித்துவிட்டு வரலாம். நடக்காவிட்டால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள், அடியில், தொகுப்பு வேலைகளை ஏவும் 'மேக்' கருவியிடமிருந்து 'மேக்: எர்ரர் 2' என்று ஒரு வரி. முதல் சில மாதங்கள் அந்த வரியைத்தான் தேடுபொறியில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பயனும் இல்லை. 'நான் ஏவிய வேலை ஒன்று தோற்றுவிட்டது' என்பதற்கு மேல் அந்த வரிக்கு எதுவும் தெரியாது. எட்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்று விழுந்தாலும் மற்ற ஏழும் தங்கள் பாட்டுக்குச் செய்திகளைக் கொட்டிவிட்டுத்தான் நிற்கும். உண்மையான பிழை நூறு வரிகளுக்கு மேலே புதைந்து கிடக்கும்.

ஆகவே பழகிக்கொண்டது இது: தோற்ற பொதியின் தொகுப்புப் பதிவான 'பில்டு.லாக்' கோப்பைத் திறந்து, 'எர்ரர்' என்ற சொல்லை அதன் பின்வரும் முக்காற்புள்ளியோடு சேர்த்து, மேலிருந்து தேட வேண்டும். முக்காற்புள்ளியை விட்டுவிட்டால் 'எர்ரர்.சி' போன்ற கோப்புப் பெயர்களெல்லாம் வந்து மாட்டும். முதலில் கிடைப்பதை மட்டும் படித்தால் பெரும்பாலும் போதும். மீதியெல்லாம் அதன் விளைவுகள். இன்னொன்று, என் திரை தமிழில் இருக்கிறது, ஆனால் தொகுப்புச் செய்திகள் ஆங்கிலத்திலேயே வரும்படி போர்டேஜின் அமைப்புகள் உள்ள 'மேக்.கான்ஃப்' கோப்பில் ஒரு வரி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். மொழிப்பற்றில் அதை ஒருமுறை நீக்கிப் பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். வழு அறிக்கை அனுப்பும்போது அந்த வரி தேவைப்படும்.

என்னை அதிகம் அலைக்கழித்தவை நிரலில் இருந்த பிழைகள் அல்ல. பெரிய சி++ பொதிகளைத் தொகுக்கும்போது 'கில்ட்' என்று ஒற்றைச் சொல்லோடு வேலை நின்றுவிடும். இரண்டு வாரம், மூலநிரலைத் தொகுக்கும் கம்பைலர் மேல் சந்தேகப்பட்டேன். பிறகு, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவைப் பார்த்தால், நினைவகம் தீர்ந்து கெர்னலே அதைக் கொன்றிருக்கிறது. ஒரு வேலைக்கு இரண்டு ஜிபி என்று கணக்கு வைக்கச் சொல்கிறார்கள். நானோ எட்டு ஜிபியில் எட்டு வேலைகளை ஓடவிட்டிருந்தேன். அந்தப் பொதிகளுக்கு மட்டும் இணை வேலைகளை இரண்டாகக் குறைக்க 'பேக்கேஜ்.என்வி' என்ற அமைப்பு இருக்கிறது. அதிலேயே திருப்தி அடைந்திருக்கலாம். ஆசை யாரை விட்டது, கூடுதல் ரேம் வாங்கினேன்.

அதோடு புதுத் தொல்லை வந்தது. 'உள் கம்பைலர் பிழை' என்ற பொருள்படும் செய்தியோடு என் கம்பைலரான ஜிசிசி விழத் தொடங்கியது. இம்முறை ஒன்றைக் கவனித்தேன்: மறுபடி ஓட்டினால் வேறொரு கோப்பில் விழுந்தது. நிரலிலோ கம்பைலரிலோ கோளாறு என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் விழும். இடம் மாறினால் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரை சிவந்திருந்தது. புதிதாக வாங்கிய இரண்டு ரேம் துண்டுகளில் ஒன்று பழுது. மாற்றித் தந்தார்கள். உலாவியும் கேம்களும் அந்தப் பழுதோடு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தன என்பதுதான் வேடிக்கை.

ஒருமுறை மின்வெட்டுக்குப் பிறகு, முந்தைய நாள் இறக்கிவைத்த பொதிகள் எதுவும் தொகுப்புக்கு முன் கணினியைச் சோதிக்கும் 'கான்ஃபிகர்' கட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. இப்போது உருவாக்கிய கோப்பு, மூலநிரலோடு வந்த கோப்புகளைவிடப் பழையது என்று குறை சொன்னது. படித்துச் சிரித்துவிட்டு, பிறகு தேதியைப் பார்த்தேன். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி செத்து, கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. மூலநிரல் முழுவதும் எதிர்காலத்தில் எழுதப்பட்டதாகிவிட்டது! ஜென்டூவில் நாம் கேட்காத எதுவும் நிறுவப்படாது. இணையத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்யும் சேவையை நான் கேட்டிருக்கவே இல்லை.

கம்பைலர் மாறும் காலங்கள் தனி. ஜிசிசி 10 வந்தபோது, ஒரே மாறியைப் பல கோப்புகளில் வரையறுத்த பழைய சி நிரல்கள் இணைப்புக் கட்டத்தில் விழுந்தன. 2024இல் வந்த ஜிசிசி 14, முன்பு வெறும் எச்சரிக்கையாக விட்டுவைத்த அறிவிக்கப்படாத செயற்கூற்று அழைப்புகளைப் பிழையாகவே ஆக்கியது. 2025இன் ஜிசிசி 15 இயல்பாகவே சி மொழியின் சி23 தரத்துக்குப் போனதும், ஆம்/இல்லை மதிப்புக்கான 'பூல்' வகையைத் தாங்களே வரையறுத்துக்கொண்ட பழைய நிரல்கள் உடைந்தன. அந்தப் பொதியை மட்டும் சி17 தரத்தில் தொகுக்கச் சொன்னால் பெரும்பாலும் தேறிவிடும். இவை நியாயமான பிழைகள். படித்தால் புரியும், எவராவது திருத்தமும் எழுதியிருப்பார். எரிச்சல் தருவது எட்டு வேலைகளில் விழுந்து ஒரே வேலையாக ஓட்டினால் தேறும் பொதிகள்தான். எது முதலில் முடிய வேண்டும் என்று தொகுப்பு வரிசையைச் சொல்லும் மேக்ஃபைலில் எழுத மறந்திருப்பார்கள்.

வேகத்துக்காக ஜென்டூவுக்கு வருபவர்கள் ஏமாறுவார்கள். அன்றாட வேலையில் ஒரு வேறுபாடும் எனக்குத் தெரியவில்லை. எந்த வசதிகள் வேண்டும் என்று சொல்லும் 'யூஸ்' குறிகளை வைத்து வேண்டாததை வேரிலேயே வெட்டிவிட முடிகிறது, அதற்காகவே இருக்கிறேன். ஐந்து மாதம் புதுப்பிக்காமல் விட்டால் ஒரு வார இறுதியை அது விழுங்கிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவே முன்பே தொகுத்த ஆயத்தப் பொதிகளையும் பரவலாகத் தருகிறது. லிப்ரே ஆபிஸை இப்போது அப்படித்தான் எடுக்கிறேன். அதில் வெட்கம் எதுவும் இல்லை. இரவில் விசிறி இரைகிறது என்று வீட்டில் எழுந்துகொண்டிருந்த புகாரும் அதோடு நின்றுவிட்டது.