ஹியரிங் எய்டுல உஸ்ஸ் சத்தம்: டைரக்‌ஷனல் மோடா, ஆம்னி மோடா?

நைனாவுக்கு காசிமேடு மீன் மார்க்கெட்ல டைரக்‌ஷனல் மோடு தான் சரி, எதிர்ல நிக்கிறவங்க பேசுறது தெளிவா கேக்கும், பின்னாடி கூச்சல் கொறையும். ஆனா ராத்திரி தண்டையார்பேட்டை வீட்டுல எல்லாரும் தூங்குனப்புறம் அதே மோடு உஸ்ஸ்னு இரையும், ஏன்னா மெஷின்ல இருக்குற ரெண்டு மைக் சிக்னலையும் ஒண்ணுலேர்ந்து ஒண்ணு கழிக்கிறதால லோ ஃப்ரீக்வென்சி (கனமான, அடித்தொண்டை மாதிரி) சத்தம் கொறைஞ்சிடும், அத ஈடுகட்ட மெஷின் கெய்ன (சத்தத்த பெருசாக்குற அளவ) ஏத்தும்போது மைக்கோட சொந்த இரைச்சலும் கூடவே ஏறிடுது. லோ ஃப்ரீக்வென்சி நல்லா கேக்கறவங்களுக்கு தான் இந்த தொல்லை ஜாஸ்தி, பாவம்.

எல்லா பக்கத்து சத்தத்தையும் எடுக்குற ஆம்னில இந்த இரைச்சல் கம்மி, அமைதியான வீட்டுக்கு அதான் என் ஓட்டு. அதுலயும் இரைச்சல் கேட்டா ஆடியாலஜிஸ்ட் (காது கேக்குற திறன பாத்து மெஷின் செட் பண்றவர்) கிட்ட எக்ஸ்பான்ஷன் செட் பண்ண சொல்லுங்க, ரொம்ப மெல்லிசான சத்தத்துக்கு கெய்ன கொறைக்கும், ஆனா அதிகமா வெச்சா பேரப்புள்ள மெதுவா பேசுறதும் கேக்காம போயிடும், பாத்துக்கங்க.