வீவக வீட்டுக்கு ஒரு ஃபயர்வால் பெட்டி: என்100, நானோபை, பழைய டைனி – எதை வாங்கலாம்?

வீட்டு நெட்வொர்க்குக்கும் இணையத்துக்கும் நடுவே காவல் நிற்கும் ஃபயர்வாலுக்கென்று தனிக் கணினி வாங்குகிறவர்கள் முதலில் சிபியுவைப் பார்க்கிறார்கள். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அது மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது. பெட்டிக்குள் என்ன நெட்வொர்க் சிப் இருக்கிறது, பெட்டி வீட்டில் எந்த மூலையில் உட்காரப் போகிறது என்ற இரண்டு கேள்விகளும் அதற்கு முன்னால் வருகின்றன. இந்த இரண்டிலும் தவறினால் எவ்வளவு வேகமான சிபியுவும் உதவாது.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் சின்னப் பெட்டிகள் திணறுவதாக அவற்றில் அடிக்கடி வரும். அந்த முறையில் வேலை முழுவதும் ஒரே கோரில் விழுவதுதான் காரணம். இங்கே வீட்டு ஃபைபர் இணைப்புகள் பெரும்பாலும் டிஎச்சிபி வழியாகவே, அதாவது கேட்டவுடன் தானாகவே, ஐபி முகவரி தருகின்றன. அதனால் அந்தக் குறையை நாம் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது விலேன் எண்ணை, அதாவது ஒரே கம்பியில் போகும் தனித்தனி நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் எண்ணை. உதாரணமாக, சிங்டெல் இணைப்பில் இணையம் விலேன் 10-இல் வருகிறது. ஃபைபரை நெட்வொர்க் கம்பிக்கு மாற்றும் ஓஎன்டியை நேராக உங்கள் பெட்டியில் செருகினால், இணையப் பக்கத்துப் போர்ட்டான வேன் முகப்பில் அந்த எண்ணைக் குறிக்காதவரை ஐபி கிடைக்காது. வீட்டில் இருப்பது ரவுட்டரும் ஓஎன்டியும் சேர்ந்த ஓஎன்ஆர் என்றால், அதை ரவுட்டர் வேலையை விட்டுவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற முடியுமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மாற்றாவிட்டால் இரட்டை நாட் விழும், அதாவது ஐபி முகவரி மாற்றம் இரண்டு பெட்டிகளிலும் நடக்கும்; வெளியிலிருந்து வீட்டுக்கு விபிஎன் போடுவது தலைவலியாகிவிடும்.

அடுத்தது மின்சாரம். ஆண்டு முழுக்க அணையாமல் ஓடும் பெட்டியில் ஒவ்வொரு வாட்டும் 8.76 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வைத்தால் ஒரு வாட்டுக்கு ஆண்டுக்கு 2 வெள்ளி 63 காசு. 10 வாட் பெட்டிக்கு 26 வெள்ளி, 20 வாட்டுக்கு 53, அலுவலகத்தில் கழித்துப்போட்ட 45 வாட் டவருக்கு 118. இலவசமாகக் கிடைத்த டவர் மூன்று ஆண்டுகளில் 350 வெள்ளியை விழுங்கிவிடும். டிடிபி (சிபியுவின் சூட்டுக்கான வரையறை) என்று அட்டையில் போட்டிருக்கும் எண்ணை இந்தக் கணக்குக்கு எடுக்காதீர்கள். ஃபயர்வால் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். சும்மா இருக்கும்போது சுவர் பிளக்கில் அளந்த வாட்தான் பில்லில் வரும்.

இன்டெல் என்100, நான்கு 2.5ஜி போர்ட்

இன்று பெரும்பாலான வீடுகளுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். 2023இல் வந்த சிப், நான்கு கோர், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், மறைகுறியாக்கத்தை வேகப்படுத்தும் ஏஇஎஸ் முடுக்கம் உண்டு. இன்டெலின் ஐ226-வி நெட்வொர்க் சிப் வைத்த நான்கு 2.5ஜி (2.5 ஜிபிபிஎஸ்) போர்ட்டுகளோடு வரும் விசிறியில்லாப் பெட்டி, சும்மா இருக்கையில் 8 முதல் 12 வாட் எடுக்கும். ஓப்பன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள்களில் ஒன்றைப் போட்டு, 1 ஜிபிபிஎஸ் இணைப்பை நாட், விதிகள், வயர்கார்ட் விபிஎன் எல்லாவற்றோடும் அலுங்காமல் கடத்தும். 8 ஜிபி ரேம் போதும். இதில் மெமரி சேனல் ஒன்றுதான் என்பதால் இரண்டு குச்சி வாங்கவும் தேவையில்லை.

பலவீனம் சிப்பில் இல்லை, அதைச் சுற்றிக் கட்டிய பெட்டியில்தான். பெயரில்லாத எஸ்எஸ்டியும் ரேமும் போட்டு வருவதைத் தவிருங்கள். ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாத பேர்போன் பெட்டி வாங்கி, தெரிந்த நிறுவனத்தின் 8 ஜிபி ரேமும் 128 ஜிபி அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டியும் தனியாகப் போடுவது நல்லது. வந்தவுடன் அடித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். சில பெட்டிகளில் சிபியுவுக்கும் அலுமினிய உடலுக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் அரைகுறையாக இருக்கும், அல்லது இடைவெளியை அடைக்கத் தடித்த பேட் மட்டும் வைத்திருப்பார்கள். அதைத் துடைத்துவிட்டு நல்ல பேஸ்ட் பூசுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் மெல்லிய செப்புத் தகடு ஒன்றை நடுவே வையுங்கள். பிறகு ரேம் சோதனையை ஓர் இரவு முழுக்க ஓட்டுங்கள்.

நெட்வொர்க் சிப்பில் ஒரு வரலாறு இருக்கிறது. ஐ226-க்கு முந்தைய ஐ225-வியின் ஆரம்பப் பதிப்புகள் சில ஸ்விட்ச்களோடு 2.5ஜி வேகத்தில் பாக்கெட்டுகளைத் தொலைத்தன. பி3 பதிப்பில்தான் சரியானது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஜே4125 சிபியு பெட்டியை வாங்குகிறவர்கள் உள்ளே இருக்கும் ஐ225 எந்தப் பதிப்பு என்று கேட்டு வாங்க வேண்டும். ஐ226 அதைவிட நல்லது. ஆனால் ஈஈஈ, ஏஎஸ்பிஎம் ஆகிய மின்சேமிப்பு அம்சங்கள் இயங்கும்போது லிங்க் திடீரென்று விழுந்து எழுவது உண்டு. அப்படி நடந்தால் கேபிளை மாற்றிப் பார்த்த கையோடு பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஏஎஸ்பிஎம்மையும், இயங்குதளத்தில் ஈஈஈயையும் அணைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வாட் கூடும், தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

நானோபை வகை ஆர்ம் பலகைகள்

கைபேசி வகை ஆர்ம் சிபியு வைத்த நானோபை ஆர்5எஸ், ஆர்6எஸ் போன்றவை மின்சாரத்தில் எல்லாவற்றையும் வெல்லும். ஆர்5எஸ்ஸில் இரண்டு 2.5ஜி போர்ட், ஒரு 1ஜி போர்ட், உள்ளேயே இஎம்எம்சி சேமிப்பகம். உள்ளங்கையில் அடங்கும், டிவி மேசைக்குப் பின்னால் சூடு தெரியாமல் கிடக்கும். ஆனால் இவற்றை வாங்குவது லினக்ஸ் அடிப்படையிலான ரவுட்டர் மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியை வாங்குவதற்குச் சமம். ஓப்பன்சென்ஸின் அதிகாரபூர்வ வெளியீடு 64-பிட் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளுக்கு மட்டுமே. பிஎஃப்சென்ஸின் ஆர்ம் பதிப்பு அதை உருவாக்கும் நெட்கேட் நிறுவனத்தின் சொந்தக் கருவிகளுக்குத்தான். ஓப்பன்டபிள்யூஆர்டி பிடித்தவருக்கு இதில் குறையே இல்லை. ஊடுருவலைக் கண்டறியும் சுரிகாட்டா போட வேண்டும், நான்கைந்து விலேன்களுக்குத் தனித்தனி விதிகள் எழுதித் திரையில் பார்க்க வேண்டும் என்பவர் ஓப்பன்சென்ஸ் பக்கமே நிற்கட்டும்.

ராஸ்பெரி பை 4-இல் கம்பிப் போர்ட் ஒன்றே ஒன்று. இரண்டாவது போர்ட்டுக்கு யுஎஸ்பி அடாப்டரோ விலேன் தெரிந்த ஸ்விட்சோ வேண்டும். ஏற்கெனவே கையில் இருந்தால் கற்றுக்கொள்ளப் பயன்படுத்துங்கள், ஃபயர்வாலுக்கென்று புதிதாக வாங்காதீர்கள். மெமரி கார்டில் பதிவேடுகளை இடைவிடாமல் எழுதினால் கார்டு தேய்ந்து ஒருநாள் பூட் ஆகாது.

ரியல்டெக் பற்றி ஒரு வார்த்தை. நானோபையின் 2.5ஜி போர்ட்டுகளில் இருப்பது ரியல்டெக் நிறுவனத்தின் நெட்வொர்க் சிப். லினக்ஸில் அவை நன்றாகவே ஓடுகின்றன. அதே சிப்பை ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் அடிப்படையிலான ஓப்பன்சென்ஸில் ஓட்டும்போதுதான் சிக்கல் வரும். அங்கே ரியல்டெக் டிரைவர் பிளக்இன்னைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். சிப்பை மட்டும் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது; எந்த மென்பொருளோடு சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கைமாறிய லெனோவோ டைனி

எம்720க்யூ போன்ற பழைய அலுவலக டைனிகள் கரோசலில் ஓயாமல் வருகின்றன. இவற்றின் சிறப்பு பிசிஐஇ ஸ்லாட், அதாவது கூடுதல் கார்டு செருகும் இடம். கார்டைப் பிடிக்கும் ரைசர் தகடு தனியாக வாங்க வேண்டும், அது போட்டால் 2.5 அங்குல டிஸ்க் வைக்கும் இடம் போய்விடும், ஆகவே எம்.2 எஸ்எஸ்டிதான். இன்டெல் ஐ350-டி4 நெட்வொர்க் கார்டு செருகினால் நான்கு ஜிகாபிட் போர்ட். மொத்தம் 15 முதல் 20 வாட் எடுக்கும், சிறிய விசிறிச் சத்தம் இருக்கும். வெறும் 1 ஜிபிபிஎஸ் வீட்டுக்கு இதை என்100-க்கு மேலாகச் சொல்ல மாட்டோம். இணையத்தில் விற்கும் ஐ350 கார்டுகளில் போலிகளும் அதிகம். சர்வரிலிருந்து கழற்றிய டெல், எச்பி கார்டே பாதுகாப்பானது.

10ஜி வேண்டும் என்பவருக்கு நிலைமை தலைகீழ். தேசிய அகண்ட அலைவரிசையை 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு உயர்த்த 10 கோடி வெள்ளி வரை செலவிடப்போவதாக 2024 பிப்ரவரியில் அரசாங்கம் அறிவித்தது. இப்போது 10ஜி திட்டங்கள் வீடுகளுக்குத் தாராளமாக விற்கப்படுகின்றன. அதற்காக மாட்யூல் செருகும் 10ஜி வாயான எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் வைத்த என்100 பெட்டிகளும் வருகின்றன. அவற்றில் கேட்க வேண்டிய கேள்வி: 10ஜி வேலையைச் செய்யும் இன்டெல் 82599 சிப்புக்கு எத்தனை பிசிஐஇ லேன் (சிபியுவுக்குப் போகும் தரவுப் பாதை) கொடுத்திருக்கிறார்கள்? அது இரண்டாம் தலைமுறை பிசிஐஇ, ஒரு லேனுக்கு 4 ஜிபிபிஎஸ். இரண்டு லேன் என்றால் 8-க்கு மேல் போகவே போகாது. என்100-இல் மொத்தமே 9 லேன்தான் என்பதால் விற்பவர் இங்கேதான் கை வைப்பார். டைனியின் ஸ்லாட்டில் எட்டு லேன் உண்டு, கோர்களும் வலுவானவை. இன்டெலின் எக்ஸ்710 என்ற 10ஜி கார்டு போட்டால் 10ஜிக்கு இதுவே நேர்மையான வழி. ஓஎன்டியின் வாய் வழக்கமான நெட்வொர்க் கம்பிக்கான ஆர்ஜே45 என்றால் செப்புக் கம்பி மாட்யூல் தேவைப்படும். அது ஒன்றே 2 முதல் 3 வாட் எடுத்துக் கையால் தொட முடியாத அளவு சுடும்.

பிசி எஞ்சின்ஸ் நிறுவனத்தின் ஏபியு2 ஒரு காலத்தில் எல்லோரும் கைகாட்டிய பெட்டி. 1 கிகாஹெர்ட்ஸ் கோர்களால் ஃப்ரீபிஎஸ்டியில் ஒற்றை இணைப்பில் ஜிகாபிட்டை எட்ட முடியாது. 500 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே போதும் என்றால் மட்டும் பாருங்கள்.

வெப்பம்

இங்கே பெட்டியைச் சுற்றி 30 பாகைக்கு மேல் இருப்பது சாதாரணம். ஃபைபர் முனை பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை) பக்கம் இருக்கிறது என்று பெட்டியை உள்ளே வைத்து இரும்புக் கதவை மூடினால், விசிறியில்லாப் பெட்டி தன் சூட்டிலேயே வேகும். அந்தச் சுவரைக் குடைந்து கேபிள் இழுக்கவும் அனுமதி இல்லை; கெட்டியான கான்கிரீட் என்பதால் வைஃபையும் வெளியே வராது. டிவி மேசையின் மூடிய அறையும் அதே கதைதான். பெட்டியைத் திறந்த இடத்தில், அலுமினிய மடிப்புகள் செங்குத்தாக நிற்குமாறு சுவரில் மாட்டுங்கள். காற்று கீழிருந்து மேலே தானாக ஏறும். பயாஸில், சிபியு தொடர்ந்து எடுக்கும் மின்சாரத்துக்கான பிஎல்1 வரம்பை 10 வாட்டுக்குக் கொண்டுவந்தால் ஃபயர்வால் வேலைக்குக் குறை தெரியாது, சூடு இறங்கும்.

வெளிநாட்டுக் கடையிலிருந்து வரவழைத்தால் விலையோடு 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கூட வரும் 12 வோல்ட் அடாப்டரின் பிளக் நம் மூன்று முனை வகையாக இல்லாவிட்டால் மாற்றுமுனை செருகி ஓட்டாதீர்கள். நாள் முழுக்க யாரும் பார்க்காத மூலையில் ஓடும் பொருள் அது. சேஃப்டி மார்க் முத்திரையுள்ள 12 வோல்ட் அடாப்டரை சிம் லிம் ஸ்கொயரில் வாங்கலாம்; ஆம்பியர் பழையதற்குக் குறையாமலும், முனையின் விட்டம் 2.1 மில்லிமீட்டரா 2.5 மில்லிமீட்டரா என்பது ஒத்துப்போகுமாறும் பாருங்கள்.

மாற்றும் நாளன்று பயாஸில் மின்சாரம் போய் வந்தால் தானாகப் பவர் ஆன் ஆகும்படி வையுங்கள். பழைய ரவுட்டரில் டிஎச்சிபி லீஸை (வாங்கி வைத்திருக்கும் ஐபி முகவரியை) விடுவித்த பிறகே கேபிளைப் பிடுங்குங்கள். புதிய பெட்டிக்கு ஐபி வராவிட்டால் ஓஎன்டி பழைய ரவுட்டரின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஓஎன்டியைச் சில நிமிடம் அணைத்துவிட்டு, புதிய பெட்டியைச் செருகியபின் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பழைய ரவுட்டரின் மேக் முகவரியை வேன் முகப்பில் எழுதிப் பாருங்கள்.