கொலம்பியா ஆற்றங்கரையில் பழங்குடி மீனவர்களிடம் சால்மன் வாங்குவது: ஒரு மதிப்பீடு

ஓரிகன் மாநிலத்தின் கேஸ்கேட் லாக்ஸ் ஊரில், ஆற்றங்கரைப் பூங்காவை ஒட்டி, கொலம்பியா ஆற்றில் தாங்கள் பிடித்த சால்மனைப் பழங்குடி மீனவர்களே நேரடியாக விற்கிறார்கள். கடை என்று சொல்லும்படி அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ஒரு பிக்கப் வண்டி, அதன் பின்புறத்தில் ஐஸ் பெட்டிகள், ஒரு மடக்கு மேசை, ஒரு தராசு, அவ்வளவுதான். மீனின் தரத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். வாங்குபவருக்கான வசதிக்குப் பாதி மதிப்பெண்ணே தர முடியும்.

செப்டம்பர் மாதம் சினூக் சால்மனுக்கு உரிய காலம். செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னபோது, விற்றவர் முகம் சுளிக்காமல் தூக்கிக் காட்டினார். உள்ளே அடர்சிவப்பு, கண் குழி விழாமல் துருத்திக்கொண்டிருந்தது, விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழுந்தது. எனக்கு இன்னும் பிடித்தது, மீனைச் சுட்டுச் சாப்பிடப் போகிறேனா, புகையிடப் போகிறேனா என்று அவர் முதலில் கேட்டதுதான். வெள்ளிபோல் மின்னும் மேலாற்று மீனில் கொழுப்பு அதிகம், அது நெருப்பில் சுடுவதற்கு ஏற்றது. முட்டையிடும் பருவத்தை நெருங்கித் தோல் கறுத்துவிட்ட டூலி வகையில் கொழுப்பு குறைவு, விலையும் குறைவு. இந்த வேறுபாடு தெரியாதவரிடம் டூலியைத் தள்ளிவிடுவது எளிது; அவர் அப்படிச் செய்யவில்லை.

குறை என்றால், எப்போது விற்பனை இருக்கும் என்பதை நாள்காட்டியைப் பார்த்துச் சொல்லவே முடியாது. யகாமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் ஆகிய நான்கு பழங்குடி அரசுகளும், கொலம்பியா ஆற்றுப் போனவில் அணையின் மீன்படிகளை, அதாவது மீன் அணையைத் தாண்டி மேலேற அமைத்த படிகளை, கடக்கும் மீன்களின் எண்ணிக்கையைக் கவனித்து வணிகப் பருவத்தைத் திறக்கின்றன, மூடுகின்றன. அந்த நான்கும் 1977இல் அமைத்துக்கொண்ட கூட்டு மீன்வள ஆணையத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் புறப்படுபவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். எரிச்சலூட்டும் ஏற்பாடுதான், ஆனால் மீன் இருக்கிறதோ இல்லையோ கடை திறந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், எந்த ஆற்றிலிருந்து வாங்குகிறோம் என்பதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இந்த மேசைக்குப் பின்னால் நீண்ட வழக்கு வரலாறு இருக்கிறது. 1855ஆம் ஆண்டு ஒப்பந்தங்களில் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்த இந்த மக்கள், தாங்கள் வழக்கமாக மீன் பிடித்துவந்த இடங்களில் தொடர்ந்து பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அது அரசு அவர்களுக்கு வழங்கிய சலுகை அல்ல என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905இல் வைனன்ஸ் வழக்கிலேயே தெளிவுபடுத்தியது. அதன் பிறகும் மாநில அதிகாரிகள் மீன்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் வலைகளைப் பறிமுதல் செய்து மீனவர்களைக் கைது செய்துவந்தார்கள். 1969இல் ஓரிகன் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி பெல்லோனி, மீன்வளப் பாதுகாப்புக்கு உண்மையிலேயே தேவைப்படும் கட்டுப்பாட்டை மட்டுமே மாநிலம் விதிக்கலாம் என்றும், பழங்குடியினருக்கு நியாயமான பங்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தார். 1974இல் வாஷிங்டன் மாநில வழக்கில் நீதிபதி போல்ட் அந்தப் பங்கைப் பிடிக்கத்தக்க மீனில் பாதி என்று வரையறுத்தார்.

பழங்குடி மீனவர்கள் பயன்படுத்தும், மீனின் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள்வலை பாகுபாடின்றி எல்லா மீனையும் கொல்கிறது, பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள, சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீல்ஹெட் மீனும் அதில் சிக்குகிறது என்பது தூண்டில்காரர்களின் வழக்கமான எதிர்ப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மீன் குறைந்ததற்கு வலையை முதல் குற்றவாளியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1957இல் கொலம்பியாவின் குறுக்கே கட்டிய டாலஸ் அணை, பழங்குடியினர் தொன்றுதொட்டு மீன் பிடித்துவந்த செலிலோ அருவியையே மூழ்கடித்தது. கொலம்பியாவின் துணையாறான ஸ்நேக் ஆற்றில் 1990இல் லோயர் கிரானைட் அணையைக் கடந்து திரும்பிய இயற்கையான இலையுதிர்காலச் சினூக் வெறும் 78. பின்னர் அந்த இனம் மீண்டதில் நெஸ் பெர்ஸ் மக்களின் பொரிப்பகப் பணிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆற்றில் மீன் திரும்ப உழைத்தவர்களே ஆற்றிலிருந்து எடுத்து விற்கிறார்கள் என்பது எனக்கு முரண்பாடாகப் படவில்லை.

வாங்கச் செல்பவர் ஐஸ் பெட்டியைத் தாமே கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் ரொக்கம்தான் செல்லும். மீனைத் துண்டு போட்டுத் தருவார்கள் என்று நம்பிப் போகக் கூடாது. ரசீது கேட்காமல் மட்டும் மீனை வாங்கிவிடாதீர்கள். சடங்குக்கும் சொந்த உணவுக்கும் பிடித்த மீனை வெளியாருக்கு விற்கக் கூடாது என்பதால், வணிகப் பருவத்தில் பிடித்த மீன் இது என்பதற்கு அந்தத் தாள்தான் சான்று. யகாமா மீனவர் டேவிட் சொஹாப்பி, 1980களின் தொடக்கத்தில் மாறுவேடத்தில் வந்த அரசு அதிகாரிகளுக்கு மீன் விற்றதற்காக ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றவர். இப்போது நான் கேட்பதற்கு முன்பே விற்றவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிட்டார். தேதி, மீன் வகை, எடை எல்லாவற்றையும் நிதானமாக எழுதினார். கையெழுத்துதான் சற்றுக் கிறுக்கலாக இருந்தது.