வலி இரவுகளில் ஜெபிக்க ஒரு ஒலி வேதாகமப் பெட்டி

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் கட்டில் பக்கத்தில் என்ன வைத்துக்கொள்ளலாம் என்று என்னைக் கேட்டால் வாக்கர், ஐஸ் பை, அப்புறம் இந்தப் பெட்டி என்பேன். உள்ளங்கையில் அடங்குகிறது. முழு வேதாகமத்தையும் தமிழில் வாசித்துப் பதிந்திருக்கிறார்கள். இணையம் தேவையில்லை, திரையும் கிடையாது.

அந்தத் திரை இல்லாததே பெரிய நிம்மதி. முழங்கால் வலி ராத்திரியில்தான் ஆளைப் பிடித்து உலுக்கும். மாத்திரை போட்டாலும் தூக்கம் வராது, புத்தகத்தைப் பிடிக்கத் தெம்பும் இருக்காது. ஜெபிக்க வாயைத் திறந்தால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. பெட்டியின் பொத்தான்கள் மேடாக இருப்பதால் இருட்டில் தடவியே அமுக்கிவிடலாம். அமுக்கினால் சங்கீதம், அதாவது வேதாகமத்தின் ஜெபப் பாடல், ஆரம்பிக்கும், என் ஜெபமும் அதோடு ஆரம்பிக்கும்.

வாசிப்பவர் குரல் நிதானமானது, நடிப்பு இல்லை. 13-ஆம் சங்கீதத்தை அவர் வாசித்துக் கேட்க வேண்டும். முதல் இரண்டு வசனங்களுக்குள் தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். மொத்தம் ஆறே வசனம். முடிவில் கர்த்தரைப் பாடுவேன் என்கிறார். ஆனால் நடுவில் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று ஒரு வரிகூட இல்லை! கால் மடங்காத நாட்களில் நான் பிடித்துக்கொண்டது இதைத்தான். வலி போன பிறகு நம்புவது இருக்கட்டும், வலியோடு படுத்திருக்கும்போதே கர்த்தரை நம்பலாம், "எதுவரைக்கும்" என்று அவரிடமே கேட்கவும் செய்யலாம்.

பயிற்சி நேரத்திலும் பெட்டி கூடவே இருந்தது. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடைத் தசையை இறுக்கி, 5 விநாடி கீழே அழுத்த வேண்டும். வலிக்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொள்வேன். "மூச்சை அடக்காதீங்கம்மா, வாய்விட்டு ஏதாவது சொல்லுங்க" என்பார் பிசியோதெரபிஸ்ட். பெட்டியில் ஓடும் வசனத்தைக் கூடவே சொல்லத் தொடங்கினேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது மூச்சை அடக்க முடியாதே! குதிகாலைப் படுக்கையில் இழுத்து இழுத்துக் காலை மடக்குவது அதைவிடக் கடினம். 90 டிகிரியாவது மடங்கினால்தான் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து எழ முடியும் என்பதால் அதை விடவும் முடியாது. அதற்கும் சங்கீதம்தான் துணை.

குறை ஒன்று உண்டு. 'சுகமளிக்கும் வசனங்கள்' என்று தனியாக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் வாக்குத்தத்தங்களை, அதாவது கர்த்தர் கொடுத்த வாக்குறுதிகளை மட்டும் நறுக்கி அடுக்கியிருக்கிறார்கள், பின்னணியில் இசை வேறு. ஏசாயா 38-இல் சாகும் நிலையில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தது வருகிறது. அதே அதிகாரத்தில் அவர் புறாவைப்போலப் புலம்பியதைக் காணோம். அவருடைய பிளவையின்மேல், அதாவது கட்டியின்மேல், அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னதும் இல்லை. நோயாளிக்கு வேண்டியதே அந்த இரண்டும்தான். கர்த்தரிடம் கண்ணீர் விட்டவருக்கு மருந்தும் போட்டார்கள். பார்க்க வந்த ஒருவர், விசுவாசம் இருந்தால் இத்தனை மாத்திரை எதற்கு என்று கேட்டபோது எனக்குக் கை கொடுத்தது இந்த அதிகாரம்தான்.

மாற்கு 8-இல் வரும் பெத்சாயிதா குருடனும் அந்தத் தொகுப்பில் இல்லை. இயேசு முதல்முறை கை வைத்தபோது, மனுஷர் மரங்களைப்போல நடப்பதாகத்தான் அவனுக்குத் தெரிந்தது. மறுபடியும் கை வைத்த பிறகே தெளிவாகப் பார்த்தான். இயேசுவின் கையிலேயே இரண்டு படியாக நடந்த சுகம் அது. முழுசாகத் தேற ஒரு வருஷம்கூட ஆகலாம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! அடுத்த பதிப்பிலாவது சேர்க்க வேண்டும்.

மற்றபடி சார்ஜ் நன்றாக நிற்கிறது, ஒலிபெருக்கி சின்ன அறைக்குப் போதும். வாங்குகிறவர்கள் அந்தச் சுகமளிக்கும் பொத்தானை விட்டுவிட்டு, சங்கீதங்களை வரிசையாகக் கேளுங்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தியே பொத்தான்களைக் கண்ணை மூடிக்கொண்டு பழகிவிடுங்கள். பெட்டி தானாக நிற்பதற்கான தூக்க நேரக் கணக்கை 30 நிமிடத்தில் வைத்தால் நடுச்சங்கீதத்தில் நின்றுவிடுகிறது, 60-இல் வையுங்கள்.