உரத்தை மேலே தூவுவதா, மண்ணுக்குள் வைப்பதா?

பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் செம்மண் நிலம். பாதியில் கேழ்வரகு, பாதியில் தக்காளி. வார நாளில் மடிவாளாவில் வேலை, சனி ஞாயிறு நிலத்தில். போன ஆடியில் யூரியாவைக் கையால் தூவிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த சித்தப்பா வரப்பில் நின்றபடி கேட்டார்: "ஏம்ப்பா, உரம் வேருக்குப் போடுறியா, காத்துக்குப் போடுறியா?"

தூவுவதில் சுலபம் இருக்கிறது, மறுக்கவில்லை. அரை ஏக்கரை ஒரே ஆள் அரை மணியில் முடித்துவிடலாம். ஆனால் யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ. ஈரமண்ணில் விழுந்த குருணையை யூரியேஸ் என்ற நொதி அம்மோனியாவாக்குகிறது. மேலேயே கிடந்தால் அது ஆவியாகிப் போய்விடும். பெரிய மழை வந்தால் உரம் உள்ளே இறங்கும். ஆனால் இங்கே ஆடியில் பெய்வது பெரும்பாலும் தூறல். குருணையைக் கரைக்கும், இறக்காது, அப்புறம் வெயில் அடிக்கும். வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்தப் பூச்சு, மண்ணில் உள்ள அம்மோனியம் அடுத்து நைட்ரேட்டாக மாறுவதைத்தான் தாமதப்படுத்தும், ஆவியாவதைத் தடுக்காது.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த டிஏபி உரத்தை மேலே போடுவது இன்னும் வீண். மணிச்சத்து மண்ணில் நகரவே நகராது. குருணையைச் சுற்றி ஓரிரு சென்டிமீட்டரோடு சரி. நம் செம்மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பரவலாகத் தூவினால் பிடிப்பதற்கு அவ்வளவு மண்ணையும் நாமே கொடுக்கிறோம். ஒரே கோடாக வேருக்குப் பக்கத்தில் வைத்தால் மண்ணோடு உரசும் இடம் குறையும், செடிக்கு மிஞ்சும்.

இதைக் கண்ணால் பார்த்தேன். நாலு விரல் தள்ளி, நாலு விரல் ஆழத்தில் டிஏபி வைத்த தக்காளிச் செடி ஒன்றை நாற்பதாம் நாள் மண்ணோடு பெயர்த்தோம். உரம் இருந்த பக்கம் மட்டும் வெள்ளை வேர்கள் நூல்கண்டு மாதிரி அடர்ந்திருந்தன. எதிர்ப்பக்கம் நாலைந்து இழைதான்.

சரி, கஷ்டம் என்ன? ஆள் கூலி. மூன்றடிக்கு இரண்டடி இடைவெளியில் அரை ஏக்கருக்கு 3,600 செடி, அத்தனை குழி. இரண்டு பேருக்கு ஒரு முழு நாள். கேழ்வரகில் குழி போடுவது நடக்காத காரியம். அங்கே விதையையும் உரத்தையும் சேர்த்து இறக்கும் கருவிதான் வழி. பக்கத்து நிலத்துக் கன்னடக்காரர்கள் கூரிகே என்பார்கள். உரம் விதையைத் தொடவே கூடாது. 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில், 5 சென்டிமீட்டர் கீழே விழும்படி அமைக்கவேண்டும். தொட்டால் முளை கருகும்.

நெல்லுக்குக் கதை வேறு. வங்கதேசத்தில் யூரியாவை 1 முதல் 3 கிராம் உருண்டையாக அழுத்தி, நாலு குத்துக்கு (நட்ட நாற்றுக் கொத்துக்கு) நடுவே 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கிறார்கள். அந்த ஆழத்துச் சேற்றில் காற்று இல்லை. அதனால் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி வாயுவாகப் பறப்பது மிகவும் குறைகிறது. நடவு முடிந்து ஒரே தடவை வைத்தால் போதும், மேலுரம் வேண்டாம்.

தூவுவது, புதைப்பது போக மூன்றாவது வழி, சொட்டுநீரோடு உரம். தக்காளிக்குத் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இப்படிக் கொடுப்பதை மிஞ்ச எதுவும் இல்லை. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். தண்ணீரில் முழுதாகக் கரையும் உரங்களின் விலைதான் வலிக்கிறது. டிஏபியைக் கரைத்து விட்டால் குழாயின் துளை அடைக்கும், எங்களுக்கு அடைத்தது.

என் முடிவு இது: மணிச்சத்து எந்தப் பயிருக்கும் மண்ணுக்குள்தான். கூலி எவ்வளவு ஆனாலும் அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். தக்காளிக்கு யூரியா சொட்டுநீரில் போகட்டும். கேழ்வரகுக்கு வரிசை ஓரமாகப் போட்டு, அதே நாளில் களைக்கொத்தால் மண்ணை இழுத்து மூடிவிடலாம். மணற்பாங்கான நிலத்தில் மட்டும் யூரியாவை ஒரேயடியாக ஆழத்தில் வைக்காதீர்கள், கனமழையில் வேரைத் தாண்டி இறங்கிவிடும். இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வையுங்கள்.

வரும் சனிக்கிழமை தக்காளி நடவு. குழி போடும் குச்சியில் நாலு விரல் உயரத்தில் சித்தப்பா கத்தியால் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார்.