பேச்சாளரைக் கவனிக்க ஒருவரா, வரவேற்புக் குழுவா?

எங்கள் சங்கத்தில் இரண்டையும் செய்து பார்த்தாகிவிட்டது. முன்பு சிறப்பு விருந்தினர் வந்தால் ஐந்து பேர் கொண்ட வரவேற்புக் குழு. இப்போது ஒரே ஓர் உறுப்பினர். அழைப்பதிலிருந்து வழியனுப்புவது வரை அவர் பாடு. நான் இரண்டாவதின் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாசலில் நிற்பது, பூங்கொத்து கொடுப்பது எல்லாம் குழுவும் நன்றாகவே செய்யும். பார்வைக்கு அதுதான் எடுப்பு.

சிக்கல் நேரத்தில்தான். ஒரு கூட்டத்துக்குச் செயலாளர் கடிதத்தில் 40 நிமிடம் என்று எழுதியிருந்தார். வாசலில் வரவேற்றவர், "அரை மணி நேரம் போதும் சார்" என்றார். மேடையில் தலைவர் குனிந்து, "லேட்டாகிவிட்டது, 15 நிமிடத்தில் முடித்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார். விருந்தினர் கையிலிருந்த குறிப்புகளைப் புரட்டினார். நடுவிலிருந்து நான்கைந்து தாளை உருவி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருடம் கூப்பிட்டபோது வரவில்லை. யார் தவறு என்று பார்த்தால், ஐவருமே மற்றவர் பேசியிருப்பார் என்று இருந்தவர்கள்.

இப்போது பொறுப்பாளர் ஒரே கணக்கைச் சொல்கிறார். அதையே விருந்தினருக்கும் தலைவருக்கும் எழுத்தில் அனுப்புகிறார். கூட்டம் தாமதமானால் நறுக்கப்படுவது எங்கள் அறிவிப்புகள்தான், விருந்தினரின் பேச்சு அல்ல. இதற்காகத் தலைவரோடு மல்லுக்கு நிற்பதும் அவர் வேலை. மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கக் கூட்டங்களில் 5 முதல் 7 நிமிடப் பேச்சுக்கு 5-இல் பச்சை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு விளக்கு காட்டுவார்கள். அதை நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் வெளியாள் முகத்துக்கு நேரே சிவப்பு விளக்கைப் போட்டால், 'போதும், இறங்கு' என்பது போலத்தான் இருக்கும். அதையும் பொறுப்பாளர் போனிலேயே சொல்லிவிடுகிறார்.

வழியனுப்புவதிலும் வித்தியாசம் தெரிகிறது. குழு இருந்த காலத்தில் குரூப் போட்டோ முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். விருந்தினர் நினைவுப் பரிசும் கையுமாகத் தன் காரைத் தேடுவார்.

குறை இல்லாமல் இல்லை. அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாம் நின்றுபோகும். அதனால் எல்லா விவரமும் தெரிந்த மாற்றாள் வேண்டும். பல ரோட்டரி சங்கங்களுக்குப் பொறுப்பான ரோட்டரி மாவட்ட ஆளுநர் போன்றவர்கள் சங்கத்தின் செயல்பாட்டைப் பற்றியே பேச வருகிறவர்கள். தலைவரும் செயலாளரும் கூடவே இருந்தாக வேண்டும், தனி உறுப்பினர் போதாது. பாதுகாப்பு ஆட்களோடு வரும் பிரமுகரை ஒரே ஒரு முறைதான் அழைத்திருக்கிறோம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அன்று எங்கள் பொறுப்பாளர் கூட்டம் முடியும்வரை பிரமுகரின் உதவியாளர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார். பழைய குழுவில் இரண்டு பேராவது பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது உண்மை.